இஞ்சின் ஏஜென்ட் ஜலீல் பேசப் பழகியது

ஓடுகிற சத்தத்தைக் கேட்டே இஞ்சினுக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார் ஜலீல். நாலு பேர் முன்னால் நின்று பேச மட்டும் அவருக்கு வராது. அப்படிப்பட்டவரைத்தான் 1938-ஆம் வருஷம் எங்கள் கம்பெனி மதுரைக் கிளைக்கு விற்பனை ஏஜென்டாக்கியது. முந்தைய ஏஜென்ட் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குக் கப்பலேறிவிட்டார். ஆபீஸில் மிச்சமிருந்தது மெக்கானிக் ஜலீலும், டைப் அடிக்கும் அனந்தராமனாகிய நானும்தான். எனக்கு இஞ்சின் புகை பட்டாலே தும்மல். ஆகவே ஜலீல்.

கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் ஆயில் இஞ்சின்தான் எங்கள் சரக்கு. அதைச் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களிடம் விற்க வேண்டும், சித்திரை முடிவதற்குள் அங்கே ஒரு இஞ்சினாவது போகாவிட்டால் மதுரைக் கிளையை மூடிவிடுவோம் என்று மெட்ராஸிலிருந்து விற்பனை மானேஜர் சுப்பராமன் கடிதம் போட்டிருந்தார். எனக்கு மூன்று பெண் குழந்தைகள். எங்கள் வீட்டுச் சோறு, வாயைத் திறந்தாலே வியர்த்துப்போகிற ஒரு மனுஷருடைய நாக்கை நம்பி இருந்தது என்றால் எனக்கு எரிச்சல் வருமா, வராதா?

கடிதத்தோடு ஒரு கைப்புத்தகமும் வந்தது. கோட்டும் பூட்ஸும் இல்லாமல் ஏஜென்ட் யாரும் வாடிக்கையாளர் முன்னால் நிற்கக் கூடாது என்பது முதல் பக்கம். மனப்பாடம் செய்ய வேண்டிய பேச்சு அதற்கடுத்த எட்டுப் பக்கம். கேட்கக்கூடிய கேள்விகளும் சொல்ல வேண்டிய பதில்களும் கடைசியில். ஜலீல் அதைக் காஜிமார் தெருவில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்துப்போய், மனைவி சாயிரா பானுவின் முன்னால் நின்று தினமும் ஒப்பித்தார். அந்த அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்பாராம்.

"அவ கை நிக்கணும் சார். நாம பேசுறது மனசுல ஏறுனா கீரை ஆயுற கை தானா நின்னுரும். ஒரு வாரமாச்சு. ஒரு தரம்கூட நிக்கல" என்றார் ஜலீல்.

"அவங்க என்னதான் சொல்றாங்க?"

"'இம்புட்டு நேரம் இஞ்சினப் பத்தியே பேசுறீக மச்சான். அத வாங்கப்போற ஆளு எங்க?'ன்னு கேக்குறா."

சமையலறையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்குத் தெரிந்தது, புத்தகம் எழுதிய மெட்ராஸ் புத்திசாலிகளுக்குத் தெரியவில்லை. அது எனக்குப் புரிந்தும், புத்தகத்தில் உள்ளபடியே பேசும் என்று ஜலீலை அதட்டினேன். அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது.

மாசி மாதம் முதல் கூட்டம். சிவனாண்டி என்பவருடைய கொடிக்காலுக்குள் இருபது விவசாயிகள் கூடியிருந்தார்கள். ஊரில் சிவனாண்டி சரி என்றால் மற்றவர்களும் சரி என்பார்கள். ஜலீல் இரவல் கோட்டும் புது பூட்ஸுமாக, படம் வரைந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி உள்ளே நடந்தார். நான் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டிக்குக் கூலி பேசித் தீர்த்துவிட்டுப் பின்னால் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு யாரும் நுழைய மாட்டார்கள். அங்கே அது கோயில் மாதிரி. ஜலீல் நடுப்பாத்தியில் நின்று முதல் வாக்கியத்தை ஆரம்பித்திருக்கிறார். சின்னச்சாமி என்கிற பெரியவர் எழுந்து, "பள்ளிவாசலுக்குள்ள இப்புடித்தான் பூட்ஸு மாட்டிக்கிட்டு நடப்பீகளா பாய்?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். இருபது பேரும் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பார்த்தபோது ஒரு பெண் ஜலீல் நடந்த தடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஜலீல் வேலிக்கு வெளியே பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

செய்தி மெட்ராஸுக்குப் போயிற்று. அடுத்த கூட்டத்துக்கு சுப்பராமனே நேரில் வருவதாகத் தந்தி வந்தது. நான் வேறு வேலைக்கு மனு டைப் அடிக்க ஆரம்பித்தேன். ஜலீலோ தினமும் வெறுங்காலோடு சோழவந்தான் போய், மாடு பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறவர்களோடு உட்கார்ந்து வந்தார். பூட்ஸுக்காக ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாராம். இன்னொரு தரம் பேச சிவனாண்டி இடம் கொடுத்தது அதனால்தான்.

பங்குனி வெயிலில் நாங்கள் மூவரும் கொடிக்கால் வேலியை அடைந்தோம். ஜலீல் பூட்ஸைக் கழற்றினார். நானும் கழற்றினேன்.

"ஜலீல், முதல் பக்கம் என்ன சொல்றது?" என்றார் சுப்பராமன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இது அவுக இடம் சார். நீங்களும் கழட்டிட்டு வாங்க."

சுப்பராமன் கழற்றவில்லை. வேலிக்கு வெளியே, கொதிக்கிற வெயிலில், கைப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். 

ஜலீல் அட்டையைக் கொண்டுவரவில்லை. கோட்டையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "போன கோடையில கால்வாய் அடச்சப்ப எத்தன பாத்தி காஞ்சு போச்சு?" என்று கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். "கமலைக்கு எத்தன சோடி மாடு மாத்துனீக?" அதற்கும் சொன்னார்கள். பிறகுதான் இஞ்சினுக்கு வந்தார். அரை நாளில் மாடு இறைக்கிற தண்ணீரை இஞ்சின் எவ்வளவு நேரத்தில் இறைக்கும், எங்கே மக்கர் பண்ணும், பண்ணினால் யார் வருவார்கள் என்று வீட்டுத் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுவது போல் பேசினார். வெற்றிலை மடித்த கைகள் பாதியில் நின்றன. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்போது சிவனாண்டி கேட்டார்.

"எல்லாஞ் சரி பாய். வெத்தலக்கொடி பச்சப்புள்ள மாதிரி. இந்த எண்ணெய்ப் புகை பட்டா கருகுமா, கருகாதா?"

"பதினோராம் பக்கம்!" என்று வேலிக்கு வெளியிலிருந்து சுப்பராமன் குரல் கொடுத்தார்.

பதினோராம் பக்கம் எனக்கும் மனப்பாடம். எந்தப் பயிருக்கும் இஞ்சின் புகையால் தீங்கு இல்லை என்று அதில் அச்சாகியிருந்தது. கரும்புக்கும் நெல்லுக்கும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதியது அது. கொடிக்காலில் யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. சொல்லித் தொலையும், ஒரே ஒரு வாக்கியம்தானே என்று என் மனசு அடித்துக்கொண்டது.

ஜலீல் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. சற்று நேரம் தலைகுனிந்து பாத்தி மண்ணைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியாததத் தெரியும்னு சொல்லி ஒங்க கொடியக் கெடுக்க மாட்டேன். ஓரத்துல ஒரே ஒரு பாத்தி குடுங்க. நாப்பது நாள் ஓட்டிப் பாப்போம். தெனமும் நான் வாரேன். ஒரு எல கருகுனாலும் இஞ்சினக் கழட்டிக்கிட்டுப் போறேன்."

சிவனாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டிப் பாரும்" என்றார்.

ரயிலடியில் சுப்பராமன் எங்களிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார். இலை கருகினால் ஆபீஸுக்குப் பூட்டு. வேறு பேச்சே இல்லை.

அந்த நாற்பது நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஜலீல் காலை ரயிலில் போய், இஞ்சினை ஓட்டி, ஒவ்வொரு கொடியாகத் தடவிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவார். பத்தொன்பதாம் நாள் என்னையும் கூட அழைத்துப்போனார். பாத்தியின் ஓரத்தில் ஏழெட்டு இலைகள் விளிம்பில் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன.

அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. "கிள்ளி மடியில் போட்டுக்கொள்ளும் ஓய். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன், அப்படித்தான் சொன்னேன்.

ஜலீல் நாலு இலைகளைக் கிள்ளினார். மடியில் போடவில்லை. உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு நேரே சிவனாண்டியிடம் போய் நீட்டினார்.  சிவனாண்டி இலையைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், எழுந்து எங்களைக் கொடிக்காலின் மறுகோடிக்குக் கூட்டிப்போனார். புகையே எட்டாத அந்த மூலையிலும் அதே மஞ்சள், அதே சுருட்டல்.

"இது வெயிலு பாய். வருசா வருசம் வர்றதுதான். போயி இஞ்சின ஓட்டும்."

நாற்பதாம் நாள் முடிந்ததும் சிவனாண்டி ஒரு இஞ்சினுக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தார். சின்னச்சாமியும் வேறு இரண்டு பேரும் ஆளுக்கொன்று. ஆபீஸ் பிழைத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டே வாரத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடினமான கேள்வி வரும்போது ஏஜென்ட் சற்று நேரம் மௌனமாகத் தலைகுனிந்து, பிறகு பணிவோடு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டும். இதனால் வாடிக்கையாளரின் நம்பிக்கை கூடும். கீழே சுப்பராமன் கையெழுத்து. வெளியூர் ஏஜென்டுகளுக்கு அனுப்பப் பதினான்கு பிரதி டைப் அடித்தவன் நான்தான்.

ஆனி மாதம் திருமங்கலத்தில் பெரிய கூட்டம். அறுபது விவசாயிகள். முதல் வரிசை நாற்காலியில் சுப்பராமன். ஜலீல் பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"எங்க பக்கம் பூராவும் உப்புத் தண்ணிக் கெணறு. இந்த இஞ்சினும் பம்பும் அதுக்குத் தாங்குமா?"

கூட்டத்தில் பாதிப் பேர் உப்புக் கிணற்றுக்காரர்கள். சுப்பராமன் தலையைக் குனிந்து, ம், குனியும் என்பது போல ஜலீலுக்கு ஜாடை காட்டினார்.

ஜலீல் நிமிர்ந்தபடியே நின்றார். "அது எனக்கு நல்லாத் தெரியும்ணே. தாங்காது. ரெண்டே வருசத்துல துருப்பிடிச்சு உள்ளுக்குள்ள தின்னுரும். உப்புத் தண்ணிக்காரவுக இத வாங்காதீக" என்றார்.

சுப்பராமன் முகம் செத்துப்போயிற்று. இத்தனை மாதமாக வேலை போய்விடுமோ என்று பயந்து பயந்து செத்தவன் நான். என்னையும் அறியாமல் கை தட்டிவிட்டேன். அறுபது பேர் நடுவில் என் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. சுப்பராமன் திரும்பி என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் பலமாகத் தட்டினேன்.