“சமாளிப்பன்” என்றொரு பெட்டி இல்லை

கட்டி முதலில் தட்டுப்பட்டது கிணற்றடியில், சவர்க்காரம் போட்ட கைக்கு. வலது அக்குளுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவில். வலிக்கவில்லை. வலிக்காதது நல்லது என்று நினைத்தேன். உங்களில் யாராவது இப்போது அப்படி நினைத்துக்கொண்டிருந்தால், நாளைக்கே போய்க் காட்டுங்கள்.

மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சையில் கட்டியோடு அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் (கிருமிகளைத் தடுக்கும் சிறு முடிச்சுகள்) எடுத்தார்கள். பிறகு மருந்தேற்றல் (கீமோதெரபி), கதிர்ச்சிகிச்சை. அந்த மாதங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எல்லாம் முடிந்தபின்னும் என் வலது கை தோளுக்கு மேலே போக மறுத்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முரசுமோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கரும்பலகைக்கு எட்டாத கையோடு எப்படித் திரும்பிப் போவது? வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

இயன்மருத்துவர் (பயிற்சிகளால் உடலை மறுபடி இயங்கவைப்பவர்) ஓர் இளம்பெண். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை ரீச்சர் என்பார். முதல் நாள் கையைத் தொடமுதலே ஒரு வினாக்கொத்தைத் தந்தார். இறுகிய போத்தல் மூடியைத் திறக்க, தலைக்கு மேலுள்ள தட்டில் சாமான் வைக்க, முதுகு கழுவ எவ்வளவு கஷ்டம்? ஒவ்வொன்றுக்கும் ‘கஷ்டமில்லை’யில் தொடங்கி ‘செய்யவே முடியாது’ வரை பெட்டிகள்.

முதல் இரண்டு பெட்டிகளைத் தாண்டி நான் எங்கும் அடையாளம் போடவில்லை.

மிஸ் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கிறியள், ரீச்சர். இதின்படி உங்களுக்குப் பெரிசாப் பயிற்சி தேவையில்லை.”

கூட வந்திருந்த என் மகள் தர்சிகா கதிரையை முன்னே இழுத்தாள். உயர்தரம் படிப்பவள். “மிஸ், அம்மா பொய் சொல்லுறா. சீப்பாலை தலை இழுத்துவிடுறது நான். சாரி கட்டிவிடுறதும் நான்.”

“தலையிலை என்ன கிடக்கு இழுக்கிறதுக்கு?” என்றேன்.

“கிடக்கிற நாலு முடியையும் நான்தானே இழுக்கிறன்.”

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைத் திருப்பினார். “முதுகு கழுவக் கஷ்டமில்லை எண்டு போட்டிருக்கிறியள்?”

“ஓம். மகள்தான் தேய்ச்சுவிடுறவள். எனக்கொரு கஷ்டமுமில்லை.”

“மேல்தட்டு?”

“அதிலை இப்ப ஒண்டும் வைக்கிறேல்லை.”

“சரி, வைக்கச் சொன்னா ஏலுமோ?”

“சமாளிப்பன், மிஸ்.”

“சமாளிப்பன் எண்டொரு பெட்டி இதிலை இல்லை, ரீச்சர்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. போரில் இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்த காலத்தில் யார் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் சமாளிக்கிறம் என்போம். அந்தச் சொல்தான் எங்களை நிமிர்ந்து நிற்கவைத்தது. அதே சொல் இப்போது என் கையை முடமாக்கப் பார்த்தது. முடியாது என்று சொன்னால் நோய் திரும்பி வந்துவிட்டது என்பார்களோ என்ற பயமும் உள்ளே இருந்தது.

மிஸ் வேறொரு தாள் தந்தார். “வீட்டை போய் ஒவ்வொண்டாச் செய்துபாத்து நிரப்புங்கோ. இதிலை இல்லாத உங்கடை வேலையளையும் கீழை எழுதுங்கோ. தங்கச்சி, நீங்கள் கை குடுக்கக்கூடாது.”

செய்து பார்த்தேன். சாரியின் தலைப்பைத் தோளில் போட முடியவில்லை. முதுகுப்பக்கம் கை போகவில்லை. குசினியில் தேங்காய் துருவத் தொடங்கிப் பாதியில் விட்டேன். தர்சிகா கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்கும் அது லேசாக இருக்கவில்லை. ‘செய்யவே முடியாது’ என்ற பெட்டியில் முதல் அடையாளம் போட்டபோது அழுதேன். கீழே என் கையால் சேர்த்தேன்: தேங்காய் துருவுதல், கரும்பலகையின் மேல்வரியில் எழுதுதல்.

அந்தத் தாளை வைத்துத்தான் சிகிச்சை தொடங்கியது. தழும்பு இறுகித் தோளைப் பிடித்து வைத்திருப்பதாக மிஸ் விளக்கினார். சுவரைப் பார்த்து நின்று விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். குசினிச் சுவரில் நான் எட்டிய இடத்தைத் தர்சிகா பென்சிலால் குறித்தாள். “அம்மா, பல்லி உங்களை முந்திட்டுது” என்றாள். கோபத்தில் இன்னும் ஒரு விரலளவு ஏற்றினேன்.

வினாக்கொத்து திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் செய்துபார்த்தே நிரப்பினேன். கடைசிப் பெட்டியில் நின்ற அடையாளங்கள் ஒன்றொன்றாக நகர்ந்தன. ஒருநாள் சாரியை நானே கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மடிப்பு கோணலாக இருந்தது. மிஸ் அதைப் பார்த்து ‘கொஞ்சம் கஷ்டம்’ பெட்டியில் விரலை வைத்தார். நான் தலையாட்டினேன். அது உண்மை.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய நாள், பயத்தில் நெஞ்சு மட்டத்திலேயே கணக்கை எழுதத் தொடங்கினேன். பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, “ரீச்சர், முன்னாலை தலையள் மறைக்குது. மேலை எழுதுங்கோ” என்றாள். வெண்கட்டியோடு கையை உயர்த்தினேன். தோள் இழுத்தது, ஆனால் விட்டுக்கொடுத்தது. மேல்வரியில் சமன்பாடு முழுவதையும் எழுதினேன். பின்வரிசைகளில் தலைகள் குனிந்து கொப்பிகளில் எழுதத் தொடங்கின.

முன்பு என் உடலை நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், அது சொல்வதை நம்புகிறேன். ஒவ்வொரு பரிசோதனைக்கு முதலும் இன்னும் பயப்படுகிறேன். நோய் திரும்பாமல் எத்தனை வருடம் என்றுதான் வைத்தியர்கள் பேசுவார்கள். வினாக்கொத்து கேட்பதோ கடந்த ஒரு கிழமையைப் பற்றி மட்டும். கடந்த கிழமை நான் பலகையை மேலிருந்து கீழ்வரை நிரப்பினேன், என் கையாலேயே அழித்தேன், மறுபடி நிரப்பினேன்.