ஆதாரம் கேட்கிற வீடு

ஒரத்தநாட்டுப் பக்கம் அரசப்பன் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ‘ஆதாரம் அரசப்பன்’ என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்போடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். ஊர்ப் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்திக் குறி சொன்ன சாமியார் முன்னால், அதே கற்பூரத்தைத் தன் கையில் கொளுத்திக் காட்டி, ஆளை அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பி வைத்தவர். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்திய அம்சத்தின் கதை இது.

அம்சம் திருக்காட்டுப்பள்ளிக்காரி. குழம்பில் உப்புப் போட்டாச்சு என்று சொன்னால்கூட நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். மகள் கயல்விழிக்குச் சின்ன வயசில் காய்ச்சல் கண்டு பிழைத்ததிலிருந்து வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போய் வருவாள். “மாதா காப்பாத்துச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்? ஊசி போட்டது டாக்டர்” என்பார் அரசப்பன். “டாக்டருக்கும் சேத்துத்தாங்க மெழுகுவத்தி ஏத்துனேன்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். சாமி விஷயத்தில் அவள் சண்டைக்குப் போனதே இல்லை.

சண்டை வந்தது கயல்விழியால். ஒரு தனியார் பள்ளியில் அவள் கெமிஸ்ட்ரி டீச்சர். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் முதல் நாளே வாட்ஸப்பில் சுற்றிவிட்டது. வினாத்தாள் வைத்திருந்த பீரோவின் சாவி இருந்தது கயல்விழியிடம். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், “நான் எடுக்கலப்பா” என்றாள்.

அரசப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எடுக்கலங்கறதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா? சாவி உங்கிட்டதான இருந்துச்சு?”

அம்சத்துக்குத் தன் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகமாகிவிட்டது. பள்ளிக்கூடம் ஆதாரம் கேட்டது. கேட்கட்டும், அது அவர்கள் வேலை. போலீஸ் கேட்கலாம், கோர்ட்டு கேட்கலாம். தூக்கி வளர்த்த அப்பன் கேட்கலாமா?

“விசாரணைக்குக் கூடவாவது வாங்கப்பா.”

“ரெண்டு பக்கமும் ஆதாரம் வராம நான் எந்தப் பக்கமும் நிக்க முடியாதும்மா. எம் பொண்ணுங்கறதுக்காகக் கொள்கையை மாத்திக்கிட்டா நாளைக்கு நான் எப்படி மேடை ஏறுவேன்?”

மகள் அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்சம் அவர் எதிரே வந்து நின்றாள்.

“நம்ம கல்யாணத்துல அக்கினி வளக்கணும்னு எங்கப்பா ஒத்தக்கால்ல நின்னாரு” என்று ஆரம்பித்தாள். “நீங்க என்ன சொன்னீங்க? வாக்கு குடுக்கறவ மேல நம்பிக்கை இருந்தா நெருப்பு எதுக்குச் சாட்சின்னு மைக்குல பேசுனீங்க. பந்தலே கை தட்டுச்சு. அன்னைக்கு எங்கிட்ட என்ன ஆதாரத்தைக் கண்டீங்க?”

“அது வேற, அம்சம்.”

“எது வேற? மனுசங்க எல்லாரும் சமம்னு ஊர் ஊராப் போயி பேசறீங்க. எந்த மைக்ராஸ்கோப்புல பாத்தீங்க? நானுந்தான் நம்பறேன். ஆதாரம் கேட்டுக்கிட்டா நம்பறேன்?”

“அது நம்பிக்கை இல்ல. கொள்கை.”

இந்த அநியாயத்தை என்னவென்று சொல்வது? அவள் நம்பினால் மூடநம்பிக்கை, அவர் நம்பினால் கொள்கை. அம்சத்துக்கு எதையாவது எடுத்து வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. விசாரணை நாளில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு மகளோடு தானே கிளம்பினாள்.

தாளாளர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமலே, “பெத்தவங்க சொல்றதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா” என்றார்.

“ஆதாரம் குடுக்க வரலீங்க” என்றாள் அம்சம். “எடுக்கலன்னு அவ சொன்னா, நான் நம்பறேன். அவ தனியா நிக்கக் கூடாதுன்னு வந்தேன்.”

அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் கயல்விழி நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். முடிவு எதுவும் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் சாப்பாட்டுக்கு மட்டும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தெருவில் இரண்டு விதமாகப் பேசினார்கள். அரசப்பன் அதையும் இதையும் காதில் வாங்கிக்கொண்டு நடுநிலையாக நடமாடினார்.

கடைசியில் பள்ளிக்கூடத்து வராந்தா கேமராவில் உண்மை அகப்பட்டது. திறந்திருந்த ஜன்னல் வழியே, ஆபீஸ் கிளார்க் மாற்றுச் சாவி போட்டு பீரோவைத் திறந்து, செல்போனில் படம் எடுத்தது தெளிவாகத் தெரிந்தது. சேதி கேட்ட அரசப்பன் தானே பள்ளிக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடி அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்துவிட்டு, கை நிறைய அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“என் கண்ணால பாத்துட்டேன்ம்மா. இப்ப உன்னை முழுசா நம்பறேன்.”

கயல்விழி பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “சந்தோஷம்ப்பா. ஆனா நீங்க நம்பறது என்னை இல்ல. கேமராவை.”

அவள் உள்ளே போய்விட்டாள். அரசப்பன் மனைவியைப் பார்த்தார். மகளை அதட்டுவாள், இல்லை சமாதானமாவது ஒன்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

“இப்ப நான் என்ன செய்யணுங்கற?”

அம்சத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விடுமா?

“நம்பறதுக்குன்னு இருந்த நாளு போயிடுச்சுங்க” என்றாள். “கை கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்.”