கிறிஸ்டினா எழுந்திருக்கும் வரை

அருள்மேரி அக்காவுக்குக் காக்கை, கொக்கு, பூநாரை தெரியும். மற்ற பறவைகளெல்லாம் அவருக்குச் சின்னது, நடுத்தரம், மூக்கு நீண்டது, அவ்வளவுதான். அவருடைய கணவர் ஜெரோம் அண்ணன் அப்படியில்லை. மின்சார ரயிலில் கார்டாக இருந்தவர். ஓய்வு நாள் வந்தால் பைனாகுலரைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கரணைக்கோ கோவளத்துப் பக்கமோ கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதிலேயே அக்காவும் கூடப் போகத் தொடங்கிவிட்டார். "அவர் பேரைச் சொல்வாரு, நான் ஃப்ளாஸ்க்கைத் திறப்பேன். எங்க குடித்தனமே அப்படித்தான் போச்சு தம்பி" என்பார்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் அவர்கள் வீடு. மாடி வீடு என்னுடையது. வருடத்தில் ஒரு மாதம் அங்கே இருப்பேன். மீதி மாதங்கள் நெதர்லாந்தில். அக்கா தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். மழை தூறினால் மொட்டைமாடிக் கொடியிலிருக்கும் எல்லோர் துணியையும் எடுத்து, மடித்து, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் யார் வீட்டு வாசலையும் கேட்காமல் தாண்டமாட்டார். கதவு திறந்தே கிடந்தாலும் வெளியே நின்று, "வரலாமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

சென்ற வருடம் கோடையில் ஜெரோம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் கையும் ஓரளவு தேறின. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பேச்சுதான் திரும்பவில்லை. காபி வேண்டுமென்றால் விரலால் காட்டுவார். கோவையிலிருந்து மகள் ஷீலா வீடியோவில் வந்தால் சிரிப்பார், உதடு அசையும், பெயர் வராது. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

அந்த வருடம் மழைக்காலத் தொடக்கத்தில், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று அக்கா அவரை ஆட்டோவில் ஏற்றிக் கோவளத்துக்கு முன்னால், அவர்கள் பல வருடமாகப் போய்வரும் ஒரு குப்பத்துக்குக் கூட்டிப்போனார். வடக்கேயிருந்து வரும் பறவைகள் உப்பங்கழியில் இறங்கும் பருவம். மற்ற இடங்களில் தண்ணீருக்குப் போக வரப்பும் சேறுமாக இருக்கும். இங்கே மட்டும் சவுரிமுத்து என்கிற மீனவர் வீட்டுக் கொல்லை வழியாகக் கெட்டித் தரை, கரை வரைக்கும். வாக்கர் போகும். கரையில் போய் நின்றதும் ஜெரோம் அண்ணன் இடது கையைத் தூக்கி, "கருவால் மூக்கன்" என்றார். தெளிவாக, ரயில் கிளம்பும்போது சொல்கிற குரலில்.

அக்கா ஃப்ளாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டார்.

மூளையில் சில சொற்கள் வேறு இடத்தில் தங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கு வந்தபின் ஒரு சொல்லும் வரவில்லை. படத்தைக் காட்டிக் கேட்டாலும் வரவில்லை. அந்தக் கரையில் நின்றால் மட்டும் வந்தது. பறவைகள் வந்து தங்கும் மாதங்கள் கொஞ்சம்தான். அந்த மாதங்களில்தான் அக்காவுக்கு அவர் குரல் கேட்கும்.

இந்த வருடம் நான் வந்த சமயம் அந்தப் பருவம் ஆரம்பித்திருந்தது. என் பழைய காரில் அவர்களைக் கூட்டிப்போகும் வேலை எனக்கு. கிளம்பும் முன்பே எனக்கு ஆயிரம் கவலை. அது யார் இடம், அனுமதி எங்கே வாங்குவது, ஏதாவது பலகை இருக்கிறதா. நான் வாழும் ஊரில் பறவை பார்க்கப் போகிற ஒவ்வோர் இடத்திலும் பலகை இருக்கும். எங்கே நிற்கலாம், நாயைக் கூட்டி வரலாமா, எந்த மாதம் எந்தப் பாதை மூடியிருக்கும் என்று எழுதியிருக்கும்.

"பலகையெல்லாம் இல்ல தம்பி. சவுரிமுத்து அண்ணன்தான் பலகை" என்றார் அக்கா.

அக்காவிடமும் சில விதிகள் இருந்தன, ஜெரோம் அண்ணன் வகுத்தவை. காரைக் குப்பத்துக்கு வெளியே கோயில் நிழலில் நிறுத்த வேண்டும். ஹாரன் கூடாது. கடைசி வீட்டைத் தாண்டும்வரை பைனாகுலர் பையைவிட்டு வெளியே வரக் கூடாது. விடியலில் குப்பத்து ஜனங்கள் ஒதுங்கப் போவார்கள், குளிப்பார்கள். கண்ணில் குழாயை வைத்துக்கொண்டு ஒருவன் நின்றால் அவன் பறவையைப் பார்க்கிறான் என்று யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் தேவையில்லை.

இவ்வளவு பார்த்து நடக்கிறவர், அக்டோபர் முதல் வாரம் ஒரு காரியம் செய்தார். அன்று கரையில் ஜெரோம் அண்ணன் தொடர்ந்து மூன்று பெயர் சொன்னார். அக்கா அதை ஃபோனில் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். "அப்பா பேசறார்" என்று மட்டும் எழுதினார். ஷீலா அழுதாள், சித்தப்பாக்கள் கைகூப்பினார்கள், யாரோ ஒரு மருமகன் அதைத் தன் பறவை நண்பர்களுக்கு அனுப்பினான். ஜெரோம் அண்ணன் முகத்துக்குப் பின்னால் கருவால் மூக்கன்கள் கூட்டமாக நின்றன. நீல வண்ணம் அடித்த வீடும் தெரிந்தது. அந்தப் பக்கம் பழக்கமுள்ளவர்களுக்கு அது போதும். அடுத்த ஞாயிறு இரண்டு காரும் அரை டஜன் பைக்கும் அந்தக் கொல்லைக்குள்ளேயே போய் நின்றன.

மறுநாள் கொல்லைக் கேட்டில் பூட்டு தொங்குவதாகச் சேதி வந்தது. அக்கா அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. "நாளைக்குப் போய்க் கேக்கலாம் தம்பி. மன்னிப்பு கேக்கணும் முதல்ல. அவர வீட்ல விட்டுட்டுப் போவோம்" என்றார். ஆனால் காலையில் ஜெரோம் அண்ணன் தானே தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவரை எப்படி விட்டுப் போவது.

சவுரிமுத்து வாசலில் உட்கார்ந்து முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே சுறாப் புட்டு வேகிற வாசனை. பிரசவித்த பெண் இருக்கிற வீடு என்று அதிலேயே தெரிந்தது.

"வா நர்சம்மா" என்றார். சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை பெரிய பேஜாராப் பூட்ச்சி. ஒருத்தன் தொவைக்கிற கல்லு மேல கேமரா ஸ்டாண்ட வெச்சிகினு நிக்கிறான். கேட்டா, பெரியவர் வீடியோ பாத்து வந்தோம்ன்றான்."

"நான்தான் அண்ணா அந்த வீடியோவப் போட்டது. தப்பு என்னோடது."

"தெரியும். எனக்கே நாலு பேர் அனுப்பிச்சான்." ஒரு பூண்டுப் பல்லை முறத்தில் போட்டார். "ஆனா பூட்டு நா போடல. மருமவ போட்டா. அது தட்டி மறைவுல குளிச்சிகினு கீது, அந்தப் பக்கம் ஒருத்தன் பைனாகுலர வெச்சிகினு இப்டி இப்டித் திருப்புறான். பச்ச ஒடம்புக்காரி, அப்டியே நடுங்கிப் போச்சு."

அக்கா தலை குனிந்தார். "கிறிஸ்டினா எங்க?"

"புள்ள ராத்திரி பூரா தூங்க வுடல. இப்பதான் ரெண்டும் கண்ண மூடிச்சு."

உள்ளேயிருந்து அவர் மனைவி தபீதாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எய்ப்பிடறேன் இரு. ஆள் வந்துகீதுன்னு அதுக்குத் தெரிய வாணாமா?"

"வேணாம் அக்கா. எழுப்பினா நான் கிளம்பிடுவேன்."

"அட, கொழந்தையவாச்சும் பாரு. தூக்கிக்கினு வரேன்."

"தூங்கறத எதுக்குத் தூக்கணும்?" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரில இதே கதைதான். வாரம் முழுக்கத் தூக்கம் வராத ஆளு அப்பதான் அசந்திருப்பாரு. ஆர்லிக்ஸ் பாட்டிலோட வந்து தோளத் தட்டி, 'மாமா, நான்தான் வந்திருக்கேன்'பாங்க. எழுந்து பாத்தாத்தான் வந்தது கணக்காம். என் டூட்டில ஒருத்தர வெளிய தள்ளிக் கதவ சாத்திருக்கேன். அவர் யாருன்னு கேக்காதீங்க, எங்க மாமனாரு."

தபீதாள் சிரித்துவிட்டார். சவுரிமுத்துவுக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவர் முறத்தை நகர்த்திவிட்டு, "நீ எதுக்கு வெயிட் பண்ற, அந்தக் கொண்டியே லூசு நர்சம்மா. நா ஒரு தூக்கு தூக்குனா கயண்டுகினு வந்துரும். அண்ணன் போய்ப் பாத்துட்டு வந்துரட்டும்" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். தெருக்கோடியில், கோயில் நிழலில் நின்ற காரில் ஜெரோம் அண்ணன் கதவைத் திறந்து காலை வெளியே வைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தண்ணீர் தெரியாது. கூரைகளுக்கு மேல் ஒரு கூட்டம் எழுந்து, சாய்ந்து, மறுபடி இறங்குவது மட்டும் தெரிந்தது. வெயில் ஏறினால் பறவைகள் தூரத் திட்டுக்குப் போய்விடும் என்று பேச்சு இருந்த நாளில் அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். "அக்கா, அவர்தானே வீட்டுக்காரர், அவரே சொல்கிறாரே" என்று மெதுவாகச் சொன்னேன்.

"பூட்டினது அவர் இல்லையே தம்பி" என்றார் அக்கா. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முறத்தை மடிக்கு இழுத்துப் பூண்டு உரிக்க ஆரம்பித்தார்.

காருக்கும் வாசலுக்குமாக நான் நடந்தேன். ஜெரோம் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, என் கையை ஒதுக்கிவிட்டுக் கூரைகளையே பார்த்தார். முறம் காலியாகி, தபீதாள் கொடுத்த காபியும் ஆறிப்போன பிறகு உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது. கலைந்த தலையும் காதில் பஞ்சுமாக கிறிஸ்டினா வாசலுக்கு வந்தாள். சின்னப் பெண். கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"எவ்ளோ நேரமா குந்திகினு கீறீங்க?"

"கொஞ்ச நேரம்தான்மா. தூங்கினியா?"

"எத்தினி வருசமா இந்த வயியா போறீங்க ஆன்ட்டி?"

"நீ கல்யாணமாகி வரதுக்கு ரொம்ப முன்னாடியிருந்து."

"ஒவ்வொரு தபாவும் மாமாவ கேப்பீங்க. அவுரு இங்க வாசல்ல குந்திகினு, போ நர்சம்மான்னுவாரு. அந்தக் கொல்லைல அவுருக்கு இன்னா வேல? குளிக்கிறது நாங்க. துணி காயப்போடறது நாங்க. மீன் கய்வறது நாங்க. அத்தைய ஒரு வாட்டி கேட்டிருப்பீங்களா? என்னைய?"

தபீதாள், "ஏ, இன்னாடி" என்றார். ஆனால் தடுக்கிற குரலாக அது இல்லை.

அக்கா எழுந்து நின்றார். "கேக்கல" என்றார். "இத்தன வருஷத்துல கேக்கணும்னு தோணவே இல்ல. தப்புதான்." ஃபோனை எடுத்தார். "அந்த வீடியோவ இப்பவே அழிச்சிடறேன்."

"அய்ச்சா எனக்கு இன்னா வரும்? போனது போனதுதான். எனுக்கும் வந்துச்சு, பாத்தேன்." கிறிஸ்டினாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்லாதான் பேசறாரு. பின்னாடி எங்க தட்டி தெரியுது, அதான் பேஜாரு."

அக்கா ஜெரோம் அண்ணனின் நோயைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். காரைக் கைகாட்டினாலே போதும், எந்த மனசும் இளகிவிடும். அவர் சொல்லவில்லை. "நீ வேணாம்னா வேணாம்மா. நாங்க வீட்டுக்குப் போறோம். வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். வருத்தமில்லை என்பது பொய் என்று அவர் கை காட்டிக்கொடுத்தது. காலி முறத்தை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.

கிறிஸ்டினா தெருவைப் பார்த்தாள். காரைவிட்டு நீட்டிய கால், வாக்கர், தொப்பி. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் நம்பர் போட்டுக்கோங்க. மாமாக்கு இல்ல, எனக்கு அடிக்கணும். நா வேணாம்னா வரக்கூடாது. நீங்க இல்லாம வேற யாரு வந்தாலும் பூட்டுதான்."

"சரிம்மா."

"இன்னிக்கு நா குளிச்சாவணும். அத்தை வென்னி போட்டுகீது. நா குளிச்சிட்டு வந்து தொறக்கறேன். இருக்கறதுன்னா இருங்க."

இருந்தோம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. சவுரிமுத்து காரண்டை போய் ஜெரோம் அண்ணனோடு உட்கார்ந்து, இந்த வருடம் இறால் வரத்து இல்லாததைப் பற்றித் தனியாகவே பேசிக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகை வாசலுக்கு வந்தபோது கிறிஸ்டினா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் சாவியோடு வந்து கேட்டைத் திறந்தாள்.

கெட்டித் தரையில் வாக்கர் டக் டக்கென்று போனது. காய்கிற துணிகளைத் தாண்டினோம், கல்லைத் தாண்டினோம், தட்டியைத் தாண்டினோம். நான் பயந்ததுபோலவே ஆகியிருந்தது. பக்கத்துச் சேறு காலியாக இருந்தது. பறவைகள் தூரத் திட்டில் ஒற்றைக் காலில் நின்றன, மூக்கை முதுகில் செருகிக்கொண்டு. கானலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எத்தனையோ தேசம் கடந்து வந்த களைப்பு. அருகே போனால் பறந்துவிடும் என்பதால் கரையிலேயே நின்றோம்.

ஜெரோம் அண்ணன் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் வருகிற சொல்லும் நின்றுவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். ஃபோன் பைக்குள்ளேயே இருந்தது. அப்படியே நேரம் போனது. திரும்பலாமா என்று கேட்க நான் வாயெடுத்த சமயம் கிறிஸ்டினா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"எல்லாம் தூங்கிகினு கீது போல. ஏன் பெரிப்பா, அது இன்னா பேரு?"

கரையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்பதில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

ஜெரோம் அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். அவர் விரல் காட்டியது திட்டை இல்லை, அவள் காலுக்குப் பக்கத்திலேயே ஈர மணலில் ஓடிக்கொண்டிருந்த உள்ளங்கையளவுப் பறவையை. "உப்புக்கொத்தி" என்றார்.

"இதுக்கா? தெனம் என் காலச் சுத்திகினு கீது, பேரே தெரியாது எனுக்கு."

அவர் மறுபடி, கொஞ்சம் சத்தமாக, "உப்புக்கொத்தி" என்றார். பிறகு அவள் தோளிலிருந்த குழந்தையைக் காட்டினார். உதடு அசைந்தது. ஏதோ கேட்க வந்தது, தடுமாறியது. முகம் சிவந்து திரும்பப் போனது.

"இதுவா? இதுக்கு இன்னும் பேரே வெக்கல பெரிப்பா" என்றாள் கிறிஸ்டினா, துண்டைச் சரிசெய்துகொண்டே. "கோயில்ல ஞானஸ்நானத் தண்ணி ஊத்தறப்போதான் வெக்கணும். அதுவரிக்கும் சும்மாத்தான்."

அவர் திரும்பிக்கொள்ளவில்லை. பெயரில்லாத குழந்தையைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றார். அக்கா என் முழங்கையை விட்டுவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஃப்ளாஸ்க்கைத் திறந்தார்.

திரும்பும்போது கேட்டருகே கிறிஸ்டினா அக்காவை நிறுத்தினாள். "இவ்ளோ வெயில்ல வந்தா இன்னா தெரியும் உங்களுக்கு? வியாயக்கெயம வாங்க. அன்னிக்கு நா இருட்டோட குளிச்சிடறேன்."

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம், தூக்கம் கெடும்."

"அதான் கெட்டுகினுதான கீது. அடிச்சிட்டு வாங்க."