போஹ்தான் என்றால் கடவுள் கொடுத்தவன்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடித்த அவசரகாலத்தில், சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கிராணியாக, கணக்கெழுதுபவனாக, இருந்தேன். அடையாளக் கார்டுக்காக எல்லார் பெயரையும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. ரப்பர் ஆலையில் இஞ்சின் பார்த்த உக்ரேனியரை, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ‘பாப்’ என்றே கூப்பிடுவார். நான் அவரிடமே போய் உண்மைப் பெயரைக் கேட்டேன்.

“போஹ்தான்,” என்றார். அர்த்தம் கேட்டதும், தெரிந்த மலாயில், “போஹ், துஹான். தான், காசி,” என்றார். துஹான் என்றால் கடவுள், காசி என்றால் கொடு; அதாவது, கடவுள் கொடுத்தவன். அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்கவில்லையாம். அதனால் அவருடைய அம்மா ஆசையாக வைத்த பெயர். அப்படியே எழுதினேன்.

துரை அதைச் சிவப்பு மையால் அடித்தார். “ரஷ்யாக்காரன் பேரு மாதிரி இருக்கு. கம்யூனிஸ்ட்டுன்னு போலீஸ் வந்து நிக்கும். பாப்னு போடு.”

எங்கள் ஆட்களின் பெயர்களையும் இப்படித்தான் இஷ்டத்துக்கு வெட்டுவார். “பெத்தவ வச்ச பேருங்க துரை. அத மாத்த நீங்க யாரு?” என்று கத்திவிட்டேன்.

அன்றே வேலை போயிற்று. பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றபோது போஹ்தான் ஓடி வந்தார். “தாக் அப்பா,” அதாவது பரவாயில்லை, பாப் என்றே இருக்கட்டும் என்று சொல்லி என் கையைப் பிடித்தார்.

கையை உதறிவிட்டேன். அம்மா வைத்த பேரை அவரே விட்டுக்கொடுத்ததில் அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது.