காப்புக் கட்டிய சூரிய அடுப்பு

அடுப்பில் சோறு வேகும்போது மூடியைத் திறந்து பார்க்காமல் உங்களால் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

பொய் சொல்லாதீர்கள். முடியாது. சுருளிப்பட்டியில் என் அத்தை வீட்டு மாடியில் போன வெள்ளிக்கிழமை நான் பார்த்ததை நீங்களும் பார்த்திருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

யூனியன் ஆபீஸில் அத்தைக்கு ஒரு சூரிய அடுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் ட்ரையல். தகரப் பெட்டி, உள்ளே கறுப்பு பெயின்ட், மேலே கண்ணாடி மூடி. வெயிலை உள்ளே திருப்பிவிட, முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும். அரிசியையும் தண்ணீரையும் சட்டியில் வைத்து, மூடியைப் போட்டுவிட்டு, மத்தியானம் வரை சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'சும்மா'தான் நம்மால் முடியாதே...

அத்தைக்கு இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. மலையடிவாரம் வரை நடந்து, விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வர வேண்டும். போன வாரம் பாரஸ்ட் கார்டு அரிவாளை வேறு பிடுங்கிக்கொண்டார். மாமாவுக்கோ பெட்டி மேல் துளி நம்பிக்கை கிடையாது. நாலைந்து நாளாக அரைவேக்காட்டு அரிசியை மென்றவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

வெள்ளிக்கிழமை காலை திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"இந்தா, இன்னிக்கு மத்தியானம் சோறு வெந்திருந்தா பெட்டி இங்கன கெடக்கட்டும். இல்லைன்னா சாயங்காலமே சைக்கிள்ல கட்டி ஆபீஸ்ல எறக்கிருவேன். நீ வழக்கம்போல வெறகுக்குப் போ."

"நீங்க பசியோட மட்டும் வாங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார் அத்தை.

பார்த்துக்கொண்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டார். திறப்பது, ஒரு அரிசியை எடுப்பது, நசுக்குவது, உதட்டைப் பிதுக்குவது, மூடுவது. பக்கத்து வீட்டு ஒச்சம்மா, கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொள்ள வந்தார். வந்தவர் சும்மா போவாரா? அவரும் ஒரு அரிசியை நசுக்கினார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. அந்தச் சட்டியில் வெந்த அரிசியைவிட நசுங்கிய அரிசிதான் ஜாஸ்தி.

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? "அத்தை, தொறக்கத் தொறக்க உள்ள இருக்கிற சூடெல்லாம் வெளிய ஓடிருது" என்று ஆரம்பித்து, கதிர்வீச்சு வரைக்கும் ஒரு லெக்சர் அடித்தேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தை இன்னொருதரம் திறந்தார்.

சரி, போர்டு வைப்போம். ஒரு அட்டையில் 'திறக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். ஒச்சம்மா மறுபடி வந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஏன் மதினி, தொறக்கப்படாதுன்னு போட்டிருக்கு? அப்படி உள்ள என்னத்த வச்சிருக்கீக?"

திறந்து பார்த்தார்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். விறுவிறுவென்று கீழே போனார். மஞ்சள் கயிறும் வேப்பிலையுமாகத் திரும்பி வந்து, பெட்டியைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

"ஆத்தாளுக்கு நேந்து காப்புக் கட்டிருக்கேன். இனி எவளும் தொடப்படாது."

ஒச்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்று கும்பிட்டார். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாருமே தள்ளித்தான் நின்றார்கள். முக்கியமாக அத்தையும் திறக்கவில்லை. என் மூன்று வருஷப் படிப்பு செய்யாததை நாலு முழக் கயிறு செய்துவிட்டது.

மத்தியானம் மாமா வந்தார். மாடிப்படியிலேயே வாசனை பிடித்துவிட்டார். "வெந்துருச்சு போலயே. எடு, எடு."

அத்தை முடிச்சில் கை வைத்ததுதான் தாமதம், ஒச்சம்மா குறுக்கே வந்துவிட்டார். "மதினி, என்ன காரியம் பண்றீக? கட்டுன காப்ப நாமளா அவுக்கலாமா? பூசாரி வரணும்ல?"

அத்தை முழித்தார். கட்டினது சும்மா என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சோறு போகும். மானத்தைக் காப்பாற்றினார்.

பூசாரி அந்நேரம் யாரோ ஒருத்தர் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். கூட்டிவரப் போனது யார் என்கிறீர்கள்? மாமாதான். வெறும் வயிற்றோடு, கொளுத்துகிற வெயிலில், சைக்கிளில்.

பூசாரி வந்து, தேங்காய் உடைத்து, முடிச்சை அவிழ்த்து, மூடியைத் தூக்கினார். சோறு மல்லிகைப்பூ மாதிரி வெந்திருந்தது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். "பிரசாதம்" என்று ஒரு வார்த்தை சொன்னார் பூசாரி. அவ்வளவுதான், மாடியில் நின்ற அத்தனை பேரும் கையை நீட்டிவிட்டார்கள். மாமாவுக்குக் கிடைத்தது ஒரு கை.

நின்றபடியே வாயில் போட்டு, ரொம்ப நேரம் மென்றார். அத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"உப்பு கொறைச்சல்" என்றார் மாமா.

எங்கள் குடும்பத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

சாயங்காலம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "மாமா, பெட்டிய ஆபீஸ்ல எறக்கலையா?"

"கிறுக்கா மாப்ள ஒனக்கு? காப்புக் கட்டுன பெட்டி. திருப்பிக் குடுத்தா ஆத்தா சும்மா விடுவாளா?"

ஆகவே கவர்மென்ட்டுக்கு என் யோசனை: ஊர் ஊருக்குச் சூரிய அடுப்பு கொடுங்கள், சந்தோஷம். கூடவே நாலு முழம் மஞ்சள் கயிறும் வைத்துக் கொடுங்கள். பெட்டியோடு நீங்கள் கொடுத்த விளக்கப் புத்தகத்தை ஒச்சம்மா விசிறியாக வைத்திருக்கிறார்.

இதை அத்தை வீட்டில் உட்கார்ந்துதான் டைப் அடிக்கிறேன். காலை மணி பதினொன்று. மாடியில் பெட்டிக்குள் துவரம்பருப்பு, பெட்டிக்குப் பக்கத்தில் காவலுக்கு மாமா. மேகமலைப் பக்கம் மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது.