அம்மா ஏறிய ஜீப்

எங்கள் வீட்டுக்கு வாடகைக் கார் எதுவும் ஏறி வராது. பாறசாலையிலிருந்து காரோடு என்கிற ஊருக்குப் போகும் வழியில் இறங்கி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஏற்றம் ஏற வேண்டும். ஏற்றம் முழுக்க உருண்டைக் கற்கள். மழை வந்துவிட்டால் அது ரோடு என்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு ஓடையாகிவிடும். அம்மா குவைத்தில் நர்ஸ். முதல் தடவை லீவில் வந்தபோது நல்ல மழை. டாக்சிக்காரர் அடிவாரத்திலேயே பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். சேற்றில் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகள் நனைய நனைய, அம்மா மேலே ஏறி வந்தாள். லீவு முடிந்து திரும்பிப் போகும்போதும் அதே வழி, அதே மழை. பிற்பாடு அப்பா போனில் சொன்னார், "அடுத்த தடவ ஒனக்க காலு சேத்துல படாது."

அப்படி வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த ஜீப் எங்கள் முற்றத்துக்கு வந்தது. ஏதோ ஒரு கல்குவாரியில் ஓடி ஓடித் தேய்ந்த டீசல் ஜீப். தரைத்தகட்டைத் துரு தின்றிருந்ததால், உள்ளே உட்கார்ந்தபடியே கீழே மேயும் எங்கள் கோழிகளைப் பார்க்கலாம். அப்பாவுக்கு நெய்யாற்றின்கரையில் வண்டி உதிரிபாகக் கடையில் வேலை. ஊர் வண்டிகளுக்கெல்லாம் பாகம் எடுத்துக் கொடுத்த கைக்கு, சொந்தமாக ஒரு வண்டியைப் பிரித்துப் போட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கால் மட்டும் அசையும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. யாரும் கேட்காமலே மேற்பார்வைப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். தரைக்குப் புதுத் தகடு அடித்து, என்ஜினை ஒருவழியாகப் பேச வைத்து, முதல் தடவை ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தபோது, பாதியிலேயே கல் அடியில் தட்டி வண்டி நின்றுவிட்டது. வண்டியை உயர்த்தினால்தான் சரிப்படும் என்றார் அப்பா. நானும் அதையே சொன்னேன். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, பெரிய டயர்கள் போட்டு, ஜாக்கியை இறக்கியபோது ஜீப் என் தலைக்கு மேலே நின்றது. இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்று நான் சொன்னதாக ஞாபகம்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. மாமி அப்பாவின் அக்கா. அம்மா குவைத் போனதிலிருந்து எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டு, என் தலையைப் பின்னிவிட்டு, அப்பாவை அதட்டிக்கொண்டு எங்களோடேயே இருந்தவள். இடுப்பில் கைவைத்து வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எலே, இதுல கேறணும்னா தெங்கு கேறுதவனக் கூப்பிடணுமாக்கும்," என்றாள். அப்பா சிரித்துக்கொண்டார். அந்த வாரமே முக்கில் உள்ள வெல்டிங் கடையில் கால் வைத்து ஏற ஒரு படி, ஃபுட்ஸ்டெப், செய்து வாங்கி வந்தார். நல்ல கனமான குழாய், கால் வழுக்காமலிருக்க மேலே பூப்போட்ட தகடு. முன்சீட்டில் ஏறுகிறவர்களுக்காக இடது கதவுக்குக் கீழே பூட்ட வேண்டியது. கறுப்புப் பெயிண்ட் அடித்து, காய வைத்து, சாக்கில் பொதிந்து, ரப்பர் ஷீட் தொங்கவிடும் கொட்டகையின் மூலையில் வைத்தார். அதைப் பூட்டப்போகும் நாளுக்காக நான் காத்திருந்தேன்.

அம்மா வரும் நாள்தான் வந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் பின்னாலிருந்து தள்ள, மாமி ஒருவிதமாகப் பின்கதவு வழியே உள்ளே போய்ச் சேர்ந்தாள். வழியில் எங்கும் செக்கிங் இருக்கக் கூடாது என்று திருவனந்தபுரம் வரை ஜெபித்துக்கொண்டே வந்தாள். அந்த அளவுக்கு வண்டியின் உயரம் சட்டத்துக்கு மிஞ்சியிருந்தது.

எனக்கு வேறு பயம் இருந்தது. அம்மா ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீடியோ காலில் என் முகமும் மாமியின் முகமும் திரையை அடைத்துக்கொள்ளும். அப்பா பின்னால் நின்று, சாப்பிட்டாச்சா, அங்க சூடு உண்டா என்று கேட்பார். அம்மா, உண்டு என்பாள். அவ்வளவுதான். கடைக்கு வரும் ஆட்களிடம் அப்பா இதைவிட அதிகம் பேசுவார். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் மறந்துபோயிருக்குமோ என்று நான் நிஜமாகவே கவலைப்பட்டேன்.

விமான நிலையத்திலும் அப்படித்தான் நடந்தது. அம்மா தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா, "சுகந்தானே," என்றார். அம்மா, "சுகம்," என்றாள். அப்புறம் இரண்டு பேரும் பெட்டிகளைப் பற்றிப் பேசினார்கள்.

பெட்டிகளை ஏற்றி முடித்து, இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா நின்றார். அம்மா உயரம் குறைந்தவள். சீட்டை அண்ணாந்து பார்த்தாள். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். எட்டவில்லை. சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று உள்ளேயே உட்கார்ந்திருந்த மாமி, "இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஃபுட்ஸ்டெப் கொட்டகையிலே சாக்குக்குள்ளே கிடக்குதே அப்பா, பூட்டவே இல்லையே என்று அந்த இடமே கேட்கும்படி சொன்னேன்.

"மறந்துபோச்சு மக்கா," என்றார் அப்பா.

சொல்லிவிட்டு அம்மாவின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, கடையில் புது பேட்டரியைச் சாயாமல் தூக்கி அலமாரியில் வைப்பாரே, அப்படித் தூக்கி சீட்டில் வைத்தார். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு பேர் பார்க்க விரல்கூடத் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். மாமி உடனே முகத்தைத் திருப்பி, வானத்தில் இல்லாத விமானத்தைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். ஏற்றத்தில் ஜீப் ஒரு கல்லிலும் தட்டாமல் ஏறி முற்றத்தில் போய் நின்றபோதும், அவள் கால் மண்ணில் படும் முன்னே அப்பா சுற்றி ஓடிவந்து இறக்கிவிட்டார்.

வீட்டில் ஒரே கூட்டம். சோப்பும் மிட்டாயும் வாங்கிப் போக வந்தவர்கள், மகளுக்கு நர்சிங் சீட்டு விசாரிக்க வந்தவர்கள், சும்மா அம்மாவைப் பார்க்க வந்தவர்கள். அம்மா என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள், ஏனென்றால் நான் விடவில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நின்று பேசியதை நான் பார்த்ததாக ஞாபகமில்லை. ஆனால் அம்மாவுக்கு வெளியே போக வேண்டிய காரியங்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. நெய்யாற்றின்கரையில் துணி, பேங்கில் கையெழுத்து, காஞ்சிரங்குளத்தில் பிறந்த வீடு. முக்குக் கடையில் தேயிலை வாங்கக்கூட ஜீப்பை எடுக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அப்பா தூக்கி வைப்பார், தூக்கி இறக்குவார். ஃபுட்ஸ்டெப்பை நான் ஞாபகப்படுத்தும்போதெல்லாம், நாளைக்கு ஆகட்டும் என்பார்.

ஒருநாள் மாமி அடுக்களையில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொல்வது காதில் விழுந்தது. "இந்த வண்டியக் கண்டு பயந்து அவ அடுத்த தடவ வராமலே இருந்துருவா, பாத்துக்கிடுங்க."

அவர்கள் சிரித்தார்கள். மூன்று வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அது நான் பல் விழுந்து முளைத்த காலம். அம்மா அடுத்த தடவையும் வரவேண்டுமானால் இந்த ஜீப்பில் அவள் சுகமாக ஏற வேண்டும். அப்பாவுக்குத்தான் ஞாபகமே நிற்பதில்லை. எனவே காரியம் என் கையில் வந்துவிட்டது.

அப்பா பஸ்ஸில் கடைக்குப் போன ஒரு நாள், அம்மாவும் மாமியும் துக்கம் விசாரிக்கப் போனதும், சாக்கை இழுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனேன். அங்கே ஓர் ஆச்சரியம் இருந்தது. அடிச்சட்டத்தில் போல்ட்டுக்கான துளைகளை அப்பா அளவாகப் போட்டு வைத்திருந்தார். சாக்குக்குள்ளே போல்ட்டும் நட்டும் வாஷரும் தனியாகப் பொட்டலம் கட்டி இருந்தன. இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு மனிதர் எப்படி மறந்துபோவார் என்று எனக்கு அலுப்பாக இருந்தது. ஒரு கல்லின்மேல் படியைத் தாங்கவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நட்டுகளை முறுக்கினேன். அதன்மேல் ஏறிக் குதித்தும் பார்த்தேன். அசையவில்லை.

சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு," என்றார். அப்புறம் ரொம்ப நேரம் தரையையே பார்த்தார். அம்மா என் கன்னத்தில் முத்தம் கொடுத்து, "எனக்க மோளு பெரிய மெக்கானிக்காக்கும்," என்றாள். மறுநாள் காஞ்சிரங்குளம் போகும்போது படியில் கால் வைத்துத் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். அப்பா பழக்கத்தில் பாதி நீட்டிய கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபக்கம் போனார். வழி முழுக்க யாரும் அதிகம் பேசவில்லை. என் வேலையைக் கண்டு எல்லாரும் அசந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குக் கிளம்பும்போது, இடது கதவுக்குக் கீழே படி இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்றேன். நான் அப்பாவைப் பார்த்தேன். "சத்தியமா நான் இல்ல மக்கா," என்றார். ராத்திரி கள்ளன் வந்திருப்பான் என்றாள் மாமி. பேட்டரியை விட்டுவிட்டு எந்தக் கள்ளனாவது படியைக் கொண்டுபோவானா என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அம்மா வெள்ளைச் சேலை கட்டி வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பாவின் பக்கமாகக் கையை நீட்டினாள்.

என் அம்மா கையைக் கழுவிக்கொண்டே இருப்பவள். ஆஸ்பத்திரிப் பழக்கம். எங்கள் வீட்டிலேயே சுத்தமான நகம் அவளுடையது. அன்றைக்கு அந்த நகங்களுக்குள் கிரீஸ் கறுப்பாக அடைந்திருந்தது. பெருவிரலில் தோல் உரிந்திருந்தது. அப்பா அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பார்த்தார். "சோப்பு போட்டா போவாது. டீசல் வச்சுத் தொடைக்கணும்," என்றார். "இருக்கட்டும்," என்றாள் அம்மா. மாமி, நேரமாகுது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் என் சடையை இரண்டாந்தடவையாகப் பின்ன ஆரம்பித்தாள்.

ஆராதனை முடிந்து வந்து கொட்டகையில் பார்த்தேன். படி சாக்கில் பொதிந்து பழைய மூலையிலேயே இருந்தது. போல்ட்டும் நட்டும் வாஷரும் அம்மாவின் கைக்குட்டையில் முடிந்திருந்தன. நான் முறுக்கியது சரியில்லை, கால் வைத்தபோது ஆடியிருக்கிறது, என் மனம் நோகக் கூடாதென்று அம்மா சொல்லாமல் கழற்றிவிட்டாள் என்று முடிவு செய்தேன். அவமானமாக இருந்தது.

அம்மா திரும்பிப் போன அன்று மழை பெய்தது. ஜீப் ஓடையில் நிதானமாக இறங்கியது. அம்மாவின் செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. விமான நிலையத்தில் அப்பா அவளைத் தூக்கி இறக்கினார். ஏற்றுவதைவிட இறக்குவது லேசான வேலை, ஆனால் அன்றைக்கு அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கால் தரையில் பட்ட பிறகும் அம்மா அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

உள்ளே போகும் முன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டபோது, அவள் காதுக்குள் என் திட்டத்தைச் சொன்னேன். அடுத்த தடவை நீங்கள் வரும்போது அந்தப் படியை நான் நல்லா இறுக்கிப் பூட்டி வைத்திருப்பேன், ஆடவே ஆடாது என்றேன்.

அம்மா என் மூக்கைத் துடைத்துவிட்டு, "வேண்டாம் மக்கா. ஒனக்க அப்பாவப் போல நீயும் மறந்துரு," என்றாள்.

ஒரு நட்டை முறுக்கக்கூட லாயக்கில்லாதவள் என்று அம்மாவே நினைத்துவிட்டாளே என்று, பாறசாலை வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.