மழையை நிறுத்தச் சொன்னேன்

அம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று பல வருடமாக மனதில் வைத்திருந்த அனுபவம் இது.

அந்த ஐப்பசியில் நான் நொந்துபோயிருந்தேன். கணினி வலையமைப்பில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. கல்யாணம், குழந்தை என்று நடுவில் இழுத்தடித்து, பல்கலைக்கழகம் கொடுத்த கெடு முடியப் போகிறது.

ஆராய்ச்சி சின்ன விஷயம்தான். பல இடங்களில் மாட்டிய கருவிகள் வெப்பத்தை அளந்து, அந்தச் செய்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தி, ஒரு கணினியில் சேர்க்கவேண்டும். நடுவில் ஒரு கருவி செத்தால், செய்தி தானாக வேறு வழியில் போகவேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிக்கும் அல்காரிதம் என்னுடையது. கம்ப்யூட்டருக்குள் அழகாகத்தான் ஓடியது. என் பேராசிரியை ஒப்புக்கொள்ளவில்லை.

"எந்தக் கருவி எப்ப சாகணும்னு நீயே முடிவு பண்ணி அணைக்கிற. வெளியில வச்சு ஒரு வாரம் ஓட்டிக் காட்டும்மா" என்றார்.

வெளியே என்றால் எனக்கு அப்பாவின் பட்டாசு ஆலைதான். எம். புதுப்பட்டி தாண்டி, தள்ளித் தள்ளி நிற்கும் சின்ன அறைகள். வேலை நடக்கும்போது செல்போனைக்கூட உள்ளே விடமாட்டார்கள். தீபாவளி முடிந்து, வெடிமருந்தை அகற்றிக் கழுவி, ஆலை பூட்டியிருக்கும் நாட்கள் மட்டுமே கிடைக்கும். பூஜை போட்டுத் திறந்துவிட்டால் அடுத்த வருடம்தான். எனக்கு அடுத்த வருடம் கிடையாது.

கருவிகளை அறை வாசல்களில் மாட்டி, ஆபீஸ் அறையில் லேப்டாப்பை ஓடவிட்ட அன்றே வானம் இருட்டியது. விருதுநகருக்கு ஓடி, அம்மன் சன்னதியில் அழுதேன். "ஒரு வாரம் மழையை நிறுத்து தாயே. பங்குனிப் பொங்கலுக்கு அக்னிச்சட்டி எடுக்கிறேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏ தாயி, ஊரே மழை கேட்டுத்தான் அவளக் கும்புடுது. நீ நிறுத்தச் சொல்லுதியாக்கும்!"

அந்த வாரம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. ஆனைக்குட்டம் அணைக்குத் தண்ணீர் வருகிறதென்று எல்லோரும் சந்தோஷப்பட, எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. கோபத்தில் வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை.

மழை வெறித்து வானம் தெளிந்ததும் அப்பாவோடு ஆலைக்குப் போனேன். ஒரு கருவியின் பெட்டி நிறையத் தண்ணீர். ஒன்று அறுந்து தொங்கியது. இன்னொன்றில் எறும்பு குடியேறியிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாம் போச்சுப்பா."

"அழுகுறத அப்புறம் அழுவ. வந்ததுக்கு அந்தக் கம்ப்யூட்டரத் தொறந்து பாத்துட்டு வா."

ஆபீஸ் அறையில் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைத் திறந்தேன். செய்தி நிற்கவே இல்லை! கருவிகள் சாகச் சாக, மிச்சமிருந்தவை சுற்றி வளைத்து வழி தேடி, அந்த நிமிடம் வரை அனுப்பிக்கொண்டே இருந்தன. எதையும் நான் அணைக்கவில்லை. எது எப்போது சாகும் என்று எனக்கே தெரியாது.

பேராசிரியை போனில் சிரித்தார். "நம்ம உக்காந்து யோசிச்சாலும் இப்படி ஒரு சோதனை வைக்க முடியாதும்மா."

எதை நிறுத்தச் சொல்லி அழுதேனோ, அதை வைத்தே தாய் எனக்குப் பட்டம் வாங்கித் தந்தாள்.

தீப்பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு ஆலைக்குள் நுழையும் குடும்பம் எங்களுடையது. அந்தப் பங்குனியில் நான் கையில் நெருப்போடு நடந்தேன். அப்பா கூடவே வேப்பிலையோடு வந்தார். இப்போது கோயம்புத்தூரில் பாடம் நடத்துகிறேன். அங்கே மழை பிடித்தால் அந்த ஈரப் படியும் அப்பாவின் சிரிப்பும் ஞாபகம் வந்து, கண் கலங்கிவிடுகிறது. வேண்டுதல் வைக்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். கஷ்டத்தைச் சொல்வதோடு சரி. எப்படித் தீர்க்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

நீங்கள் கேட்டதும் கேட்டபடி நடக்காமல் போகலாம். விளக்கை அணைத்துவிடாதீர்கள். அழுவதற்கு முன்னால், அந்த லேப்டாப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.